வீட்டுச் சேதி கேட்காத கூட்டம்

எங்கள் சங்கத்தில் கூட்டம் என்றால் முதலில் வேலையைப் பற்றிப் பேச மாட்டோம். வீட்டுச் சேதிதான் முதல். ஷெட்டில் பாய் விரித்து வட்டமாக உட்காருவோம். சங்கத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவள் எவளோ அவள் ஆரம்பிப்பாள். மாமியாருக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது, ஆடு இரண்டு குட்டி போட்டது, புருஷன் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை, எதுவானாலும் சொல்லலாம். சிரிக்க வேண்டியதற்குச் சிரிப்போம். அழுதால் பக்கத்தில் இருப்பவள் முதுகைத் தடவிக் கொடுப்பாள். அப்படியே சுற்றி வந்து கடைசியில் தலைவியிடம் முடியும். அதற்குப் பிறகுதான் வேலைப் பேச்சு. அதற்கும் அதே வரிசை. தலைவி கடைசியாகத்தான் வாயைத் திறப்பாள்.

நாங்கள் இருளர். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், சாலையை விட்டு உள்ளே தள்ளிப் பதினெட்டு வீடு. வீட்டுக்கு ஒருத்தியாகச் சேர்ந்து மூலிகைச் சங்கம் நடத்துகிறோம். நன்னாரி வேர், ஆவாரம்பூ, சீயக்காய் கொண்டுவந்து, நிழலில் காயவைத்து, பொடியாகவும் சர்பத்தாகவும் செய்து விற்கிறோம். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். கையெழுத்து நேராக வரும் என்பதால் என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். வேறு தகுதி எனக்கு இருந்ததாக நினைவில்லை.

தலைவி ஏன் கடைசியில் பேச வேண்டும் என்று யாரும் எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. எங்கள் மனுஷர் கூடும் இடத்தில் எல்லாம் அப்படித்தான். தலைவி பேசிவிட்டால் அதுதான் முடிச்சு. பூத் தொடுத்து முடிச்சுப் போட்ட பிறகு நடுவில் யாரும் பூ நுழைக்க மாட்டார்கள். பயத்தினால் இல்லை, மரியாதையினால். அதனால்தான் எல்லாப் பூவும் வந்து சேருகிற வரைக்கும் தலைவி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன வருஷம் தை மாதம் செங்கல்பட்டில் எங்களைப் போன்ற சங்கத்துத் தலைவிகளுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்து நடத்தினார். நல்ல பெண். மதியச் சாப்பாட்டுக்குத் தன் இலையை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் பேசப் பேச எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. தலைவர் முன்னால் நிற்க வேண்டும். தலைவர் முதலில் பேச வேண்டும். கூட்டத்துக்கு அஜெண்டா வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நிமிஷக் கணக்கு வேண்டும், சொந்தக் கதை பேசி நேரத்தை வீணாக்கக் கூடாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். அதோடு மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நல்ல சேதியும் சொன்னார். கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஹோட்டலில் விசேஷம் வைத்திருக்கிறார்கள், இருநூறு பாட்டில் நன்னாரி சர்பத் கேட்கிறார்கள், அன்று காலையில் புதிதாக வந்து இறங்க வேண்டும், பிடித்துப்போனால் கோடை முழுக்க வாங்குவார்கள் என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. "செஞ்சு குடுத்துடறோம் மேடம்" என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். மாட்டிவிட்டு, "இனிமே சோறு கேக்கறதுக்கும் நானு அஜெண்டா எழுதிக்கினு வரணுமா?" என்று கேட்டார்.

"எழுதிக்கினு வந்தாதான் கொயம்பு" என்றேன்.

அடுத்த நாளே கூட்டம் போட்டேன். அன்றைக்கு நான் உட்காரவில்லை, நின்றேன். சுவரில் அஜெண்டா எழுதின தாள் ஒன்றை ஒட்டியிருந்தேன். கடைசியாகச் சேர்ந்த பெண் பழக்கத்தில் வாயைத் திறந்து, "எங்க வூட்ல..." என்று தொடங்கினாள். "அதெல்லாம் அப்பறம், மொதல்ல வேலை" என்று கையைக் காட்டி நிறுத்தினேன். ஆர்டரைப் பற்றிச் சொன்னேன். விசேஷம் மாசிப் பௌர்ணமி அன்றைக்கு என்பதையும் சொன்னேன். "அதனால பொம்பளைங்க யாரும் முன்னாடியே கடக்கரைக்குப் போவ வாணாம். காலைல பாட்டில ஏத்தி அனுப்பிட்டு, சாயந்தரமாப் போயி அம்மாவக் கும்பிட்டுக்கலாம்" என்றேன்.

ஒருத்தியும் பேசவில்லை. "செரி" என்று எழுந்து போனார்கள். இருபது நிமிஷத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. நம் சங்கம் எவ்வளவு ஒற்றுமையான சங்கம் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாசி மகம் எங்களுக்கு என்ன நாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் கன்னியம்மா அந்த ஒரு நாள் கடலிலிருந்து கரைக்கு வருகிறாள். எங்கெங்கோ இருக்கிற எங்கள் சனமெல்லாம் மாமல்லபுரத்துக் கடற்கரையில் புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கி, விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படிக்கட்டு எழுப்பி அவளைக் கும்பிடுவோம். பெண் கேட்பது, பேசி முடிப்பது, தாலி கட்டுவது எல்லாம் அவள் காலடியில் அந்த விடியலில்தான். விடிந்து வெயில் ஏறிவிட்டால் அவ்வளவுதான், மறுபடி ஒரு வருஷம். சாயங்காலம் போய்க் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னது, கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்துக்கு வாருங்கள் என்று சொன்ன மாதிரி. உழைப்பும் சாமிதானே, அவள் பொறுத்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தினமும் ஷெட்டுக்கு வெளியே வேம்படியில் இருக்கிற அம்மா கல்லுக்குப் பூ வைக்கும்போது மட்டும், அவள் முகத்தைப் பார்க்காமல் பூவை வைத்துவிட்டு வந்துவிடுவேன். கல்லுக்கு ஏது முகம் என்பீர்கள். கும்பிடுகிறவளுக்குத் தெரியும்.

மகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பாட்டில் மூடி வாங்கத் திருக்கழுக்குன்றம் போனேன். பஸ் ஸ்டாண்டில் யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். மதுராந்தகம் ஏரிப் பக்கத்து எங்கள் மனுஷி ஒருத்தி. நல்லது கெட்டதில் பார்த்துப் பழக்கம். என்னை அண்ணி என்று கூப்பிடுவாள்.

"இன்னா அண்ணி, தலைவி ஆனதும் எங்களயெல்லாம் கண்ணு தெரியலயா?"

"இன்னாம்மா நீ, நானு பஸ்ஸப் பாத்துக்கினு கீறேன்."

"பஸ்ஸ நல்லாப் பாரு. எங்க புள்ள மொகத்தத்தான் யாரும் பாக்க மாட்டேன்றீங்க. ஒங்க ஓரகத்தி தாம்பூலம் வாங்கிக்கினு, இந்த மகத்துக்கே முடிச்சுக்கலாம்னு வாயாரச் சொன்னா. நாலே நாளு. அடுத்த வருசம் வச்சுக்கலாம்னு ஆள் மேல சேதி அனுப்பறா. எங்க புள்ள இன்னா வூட்ல கட்டிப் போட்ட ஆடா, ஒரு வருசம் நிக்கறதுக்கு? அவங்க அப்பா வேற பொண்ணு பாக்கறேன்னு குதிச்சிக்கினு கீறாரு. இவன் ரெண்டு நாளா சோறு துண்ணாம மில்லுக்குப் போறான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, அடுத்த வீடு. அவள் பெண் எங்கள் ஷெட்டில்தான் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறாள். அந்தப் பெண்ணுக்கு வரன் பேசி முடித்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது.

"எப்ப வந்து பேசனீங்க?" என்றேன்.

"நீ செங்கப்பட்டுல படிக்கப் போயிருந்தியாமே, அப்பத்தான். பெரியவ வரட்டும், கூட்டத்துல எல்லாருக்கும் வாயால சொல்லிக்கறேன்னா ஒங்க ஓரகத்தி."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். மூடி வாங்கவில்லை என்பதே பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

கூட்டத்தில் சொல்லிக்கொள்கிறேன் என்று வைத்திருந்திருக்கிறாள். வீட்டுச் சேதி சுற்றி வரும்போது, எல்லாரும் இருக்கும்போது சொல்வதுதான் எங்கள் வழக்கம். நல்ல சேதியை வீடு வீடாகப் போய்ச் சொன்னால் முதலில் கேட்டவள் கடைசியில் கேட்டவள் என்று மனத்தாங்கல் வரும். நான் அந்தச் சுற்றையே நிறுத்திவிட்டேன். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் மகத்துக்குப் போக வேண்டாம் என்று முடிச்சும் போட்டுவிட்டேன்.

இப்போது யோசித்தால், அந்தப் பெண் ஒட்டின லேபிள் ஒரு வாரமாகக் கோணலாகத்தான் இருந்தது. "கண்ணு எங்கடி கீது ஒனக்கு?" என்று இரண்டு முறை திட்டியும் இருக்கிறேன்.

நேராக ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு சொன்னா?" என்றாள்.

"ஒன் சம்பந்தி. பஸ் ஸ்டாண்டுல வச்சு என்ன உரிச்சு எடுத்துட்டா. ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அடுத்த வூடுதான?"

"நீ சொல்லிட்டியேக்கா."

"நானு இன்னா சொன்னேன்?"

"போவ வாணாம்னு. எல்லாரு முன்னாடியும் நின்னுக்கினு சொல்லிட்ட. அதுக்கு மேல நானு வந்து எம் பொண்ணுக்குக் கல்யாணம்னு நின்னா, தலைவி பேச்ச ஓரகத்தியே மதிக்கலன்னு ஆவாதா? நாளைக்கு வேற எவ ஒன்ன மதிப்பா?" மீனைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். "ஒரு வருசந்தான. இருப்பா எம் பொண்ணு."

"அவன் இருப்பானா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்ததில் செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. நான்தான் எடுத்துவிட்டேன். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளாக அவளைப் பார்க்கிறேன். என் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் பெண் வாழ்க்கையை ஓரமாக வைத்துவிட்டு மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

வேம்படிக்குப் போய் அம்மா கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கற்பூரம்கூடக் கொண்டுபோகவில்லை. தாயே, நான் தப்புப் பண்ணிட்டேன், அவ வாய நீதான் தொறந்து வைக்கணும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை எல்லாரையும் கூப்பிட்டேன். சுவரில் இருந்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு வூட்டு சேதி கேக்காம வுட்டுட்டேன். இன்னைக்கு அதான் மொதல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாகச் சேர்ந்தவள், "எங்க வூட்ல ஒண்ணும் சேதி இல்ல, அன்னைக்கு இருந்துச்சு, நீதான் கேக்கல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். சுற்றி வந்து ஓரகத்தியிடம் நின்றது. அவள் தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"எம் பொண்ணுக்கு ஏரிக்கரைல பேசி கீது. மகத்துல கட்டறதா இருந்துச்சு" என்றாள்.

ஷெட்டில் ஒரே கூச்சல். "அடிப்பாவி!" "மாப்ள யாரு?" "எங்கிட்டகூடச் சொல்லலியேடி!" லேபிள் ஒட்டுகிற பெண் பாட்டில் அட்டைப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

கூச்சல் அடங்கியதும் வேலைப் பேச்சு வந்தது. எங்களில் வாய் அதிகமான ஒருத்தி இருக்கிறாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். "கல்யாணம் நல்ல சேதிதான். ஆனா இந்த ஆர்டர வுட்டா கோடைக்கு இன்னா பண்றது? எங்க வூட்டுச் செவுரு எப்ப வுழும்னு பாத்துக்கினு கீது. ஓரகத்தின்னதும் தலைவிக்கு மனசு எளகிடுச்சா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. பதில் சொல்ல நாக்குத் துடித்தது. என் முறை வரவில்லை.

"அப்ப நாலு பேரு இங்கயே நின்னு காச்சி முடிக்கலாம்" என்றாள் ஒருத்தி.

"நாலு பேருல நீ நிக்கறியா? அம்மா வர்ற அன்னைக்கு?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"முன்னாடியே காச்சி அனுப்பிட்டுப் போனா?"

"வேரு காயணுமே. இன்னைக்கு எடுத்துப் பாத்தேன், பாதி வேருதான் காஞ்சிருக்குது."

"வெயில்ல போட்டுக் காய வச்சா?"

"வாசன போய்டும். மோந்து பாத்தா சாணித் தண்ணி மாதிரி இருக்கும். நம்ம பேர்ல அத அனுப்பறதா?"

இப்படியே பேசிப் பேசி, வாயாடியே கடைசியில், "அப்ப காஞ்ச பாதி வேர்ல நூறு பாட்டில் காச்சி முன்னாடியே குடுத்துடலாம். எடுத்தா எடுக்கட்டும். செவுரு நிக்குற வரைக்கும் நிக்கட்டும். கல்யாணம் நிக்கக் கூடாது" என்றாள். அப்புறம்தான் என் முறை வந்தது. அவள் சொன்னதையே சொல்லி முடிச்சுப் போட்டேன்.

மேடத்துக்கு போன் பண்ணினேன். விவரம் சொன்னேன்.

"அம்மா, உங்களை நம்பித்தான் நான் ஹோட்டல்ல சொன்னேன். நீங்களே ஒத்துக்கிட்டீங்க இல்லையா? ஒரு தலைவர் சொன்ன வார்த்தையை மாத்தினா எப்படி?"

"ஒத்துக்கிட்டேன் மேடம், தப்பு எம்மேலதான். எங்க சனத்தக் கேக்காம ஒத்துக்கிட்டேன். கேட்டப்பறம் பாத்தா ஒரு பொண்ணோட கல்யாணம் அதுக்குள்ள மாட்டிக்கினு கீது."

"கல்யாணத்தை வேற நாள் வெச்சுக்க முடியாதா?"

"எங்களுக்கு வேற நாள் கெடையாது மேடம்."

அவர் கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து, நூறு பாட்டிலை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார்கள், மீதியை வேறு இடத்தில் சொல்லிவிட்டார்கள், கோடை ஆர்டர் இப்போதைக்கு இல்லை என்று குரல் செய்தி அனுப்பினார். "கல்யாணம் நல்லா நடக்கட்டும்" என்று கடைசியில் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியைக் கூட்டத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். கோடை ஆர்டர் இல்லை என்ற இடத்தில் இரண்டு மூன்று முகம் வாடியது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஏரிக்கரைக்குச் சேதி சொல்ல வாயாடியே பஸ் ஏறிப் போனாள். போனவள் மாப்பிள்ளையின் அப்பாவோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டு, அவர் கையாலேயே டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

பாட்டிலை ஏற்றி அனுப்பிவிட்டு எல்லாருமாகக் கடற்கரைக்குப் போனோம். விடியலில் அலை காலைத் தொட்டுத் தொட்டுப் போக, மணலில் ஏழு படி எழுந்தது. பொரியும் பழமும் வெற்றிலையும் வைத்தோம். அம்மா எங்களில் ஒருத்தி மேல் வந்து இறங்கி, தண்ணீரில் நின்று ஆடி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் தொட்டு விபூதி இட்டாள். சூரியன் கடலை விட்டு வெளியே வந்த நேரம் தாலி ஏறியது. அந்தப் பெண் தலையைக் குனியவே இல்லை. மாப்பிள்ளையையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் வெக்கப்படுடி" என்று அவள் மாமியார் சொன்னதற்கு, "ஒரு வாரம் அழுதாச்சு, இனிமே இன்னாத்துக்கு?" என்றாள்.

நான் கடலைப் பார்த்துக் கும்பிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதைத்தான் கொடுத்துவிட்டாளே.

வெயில் ஏறியதும் கூடாரத்துப் புடவையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து ஓரகத்தியும் நானும் மணலை உதறி மடித்தோம். மடித்து மடித்துக் கிட்டே வந்து, அவள் முனை என் கைக்கு வரும் நேரத்தில் சொன்னாள்.

"யக்கா, அடுத்த கூட்டத்துல நானு ஒங்கூட ஒரு சண்ட போடணும்."

"இன்னா சண்டடி?"

"சீயக்கா பொடிய நீ ரொம்ப நைசா அரைக்கச் சொல்ற. ரெண்டு வருசமா எனக்குப் புடிக்கவே இல்ல."

"ரெண்டு வருசமாவா? இப்பவே சொல்லேன்."

"இங்க இன்னாத்துக்கு?" என்றாள். "பாயில உக்காந்து, எம் மொறை வந்ததும் சொல்றேன். நீ அது வரைக்கும் வாய மூடிக்கினு இருக்கணும்."